கார் கைமாறியாச்சு... பெயர் மாறியாச்சா?

“வண்டியைக் கொடுத்தாச்சு, ரூபாயை எண்ணி வாங்கியாச்சு. இனி எனக்கும் அந்தக் காருக்கும் என்ன அண்ணாச்சி சம்பந்தம்?”

பழைய காரை விற்றவர்களிடம் “பெயர் மாற்றியாச்சா?” என்று கேட்டால், பல நேரம் இப்படித்தான் பதில் வரும். ராஜபாளையத்துக்குத் தெற்கே இருக்கும் தளவாய்புரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நைட்டி தயாரிப்புக்குப் பேர்போன ஊர். துணி எடுக்க, சரக்கைக் கொண்டுபோய்ப் போட, ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு என்று கார் தேவைப்படாத நாள் குறைவு. புதுக் கார் வாங்குகிறவர்கள் உண்டு. தெரிந்தவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிக்கொள்கிறவர்கள் அதைவிடச் சுலபமாகக் கண்ணில் படுவார்கள். தெரிந்தவர் என்பதாலேயே பெயர் மாற்றம் “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று நின்றுபோகும்.

அந்த ‘அப்புறம்’ எவ்வளவு பெரிய செலவில் கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் உண்மை வழக்கு இருக்கிறது. 2007-ஆம் ஆண்டு ஒருவர் தன் காரை விற்றார். வாங்கியவர் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றவில்லை. அவர் இன்னொருவருக்கு விற்றார். அதன் பிறகும் கார் கைமாறியது. ஒருவரும் பெயர் மாற்றவில்லை. 2009 மே மாதம் அந்தக் காரைப் பின்னால் எடுக்கும்போது விபத்து. ஒருவர் இறந்துபோனார், ஒருவர் காயமடைந்தார். இழப்பீடு யார் தருவது?

முதலில் விற்றவர், “நான் விற்று ஏறக்குறைய ரெண்டு வருஷம் ஆகுதே!” என்றார். உயர் நீதிமன்றம் அதை ஏற்று அவரை விடுவித்தது. ஆனால் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2018 பிப்ரவரி 6 அன்று வந்த தீர்ப்பு தலைகீழ். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். கார் எந்தெந்தக் கைக்குப் போனது என்று பாதிக்கப்பட்ட குடும்பம் தேடி அலைய முடியாது என்பதே காரணம்.

இன்றைய காரில் சென்சார் இருக்கிறது, ஏர்பேக் இருக்கிறது, தொடுதிரை இருக்கிறது. ஆனால் கார் உரிமையாளர்களை அலைக்கழிக்கும் பிரச்சினைகளில் பெரும்பகுதி, ‘வாஹன்’ என்ற அரசுத் தரவுத்தளத்தில் அந்தக் கார் யார் பெயரில், எந்த போன் நம்பரில் இருக்கிறது என்பதில்தான் தொடங்குகிறது. அபராதம், இன்சூரன்ஸ், டோல், கம்பெனியின் திரும்ப அழைப்பு எல்லாமே அந்தப் பெயரையும் நம்பரையும் தேடித்தான் வருகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாடம் 1: விற்பவர் செய்ய வேண்டியது

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 50 இதைத் தெளிவாகச் சொல்கிறது. அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதாவது “வாங்கினவன் மாத்திக்கட்டும்” என்று விற்றவர் சும்மா இருக்கச் சட்டத்தில் இடமில்லை. முதல் கடமை விற்றவருடையது.

இதற்கு இரண்டு படிவங்கள். விற்பனை நடந்ததை விற்றவர் தெரிவிப்பது படிவம் 29. இருவரும் கையெழுத்திட்டுப் பெயர் மாற்றம் கோருவது படிவம் 30. விண்ணப்பமும் கட்டணமும் பரிவாஹன் தளத்தில். போனிலேயே செய்யலாம், சிரமமாக இருந்தால் பக்கத்து இ-சேவை மையத்தில் உதவி கேட்கலாம். பிறகு ஆர்.சி., நடப்பிலுள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று, பான் (இல்லாவிட்டால் படிவம் 60) ஆகியவற்றோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். தளவாய்புரம், ராஜபாளையம் பகுதிக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகம், டி.என். 84.

கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தை வாங்குபவர் கையில் கொடுத்துவிட்டு வருவதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு. அந்தத் தாள் அவரிடமிருந்து அடுத்தவருக்கு, அவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். மேலே சொன்ன வழக்கு அப்படித்தானே உண்டானது? முடிந்தால் இருவரும் சேர்ந்தே விண்ணப்பத்தை முடியுங்கள். விற்பனை ஒப்பந்தத்தில் தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். அன்று மாலை ஐந்து மணிக்குக் கார் கைமாறி, ஆறு மணிக்கு எங்காவது சிக்கினால் அந்த ஒரு வரி பேசும். ஆனால் ஒன்று: ஒப்பந்தம் உங்கள் இருவருக்கும் இடையில்தான். விபத்தில் பாதிக்கப்பட்டவரிடம் அதைக் காட்டித் தப்ப முடியாது.

பழைய கார் வியாபாரியிடம் விற்கிறீர்களா? 2023 ஏப்ரல் 1 முதல் இதற்குத் தனி விதி இருக்கிறது. பதிவு பெற்ற வியாபாரியிடம் காரை ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் இணையத்தில் தெரிவித்துவிட்டால், அதன் பிறகு அந்த வண்டிக்கு வியாபாரிதான் உரிமையாளராகக் கருதப்படுவார். எனவே “உங்ககிட்ட அங்கீகாரச் சான்று இருக்கா? 29சி போட்டுத் தருவீங்களா?” என்று கேளுங்கள். இழுத்தால், வேறு ஆளைப் பாருங்கள்.

பாடம் 2: வாங்குபவர் அட்வான்ஸ் கொடுக்கும் முன்

முதலில் போனை எடுங்கள். எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, எரிபொருள், இன்சூரன்ஸ் காலாவதி, புகைச் சான்று காலாவதி, பதிவு எதுவரை செல்லும் என்ற விவரங்கள் வரும். விற்பவர் சொல்வதும் திரை சொல்வதும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணைக் காரின் உடம்பில் பொறித்த எண்ணோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். நிலுவைச் சலான் இருக்கிறதா என்று இ-சலான் தளத்தில் பாருங்கள்.

ஆர்.சி.யில் ‘எச்.பி.’ என்று வங்கியின் பெயர் இருந்தால் கார் கடனில் இருக்கிறது, அல்லது கடன் முடிந்தும் பதிவில் நீக்கவில்லை என்று பொருள். “கடன் எப்பவோ கட்டி முடிச்சாச்சு” என்பது போதாது. வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கொடுத்துக் கடன் பதிவை நீக்கச் சொல்லுங்கள். அதை விற்பவரே தன் பெயரில் இருக்கும்போதே முடித்துத் தருவது இருவருக்கும் நல்லது.

அடுத்து காரைக் கேளுங்கள். இன்றைய கார் தன் நோயைத் தானே சொல்லும். சாவியைப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் ‘ஆன்’ நிலையில் வையுங்கள். டேஷ்போர்டில் எஞ்சின், ஏர்பேக், ஏ.பி.எஸ்., ஆயில், பேட்டரி விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிய வேண்டும். அது கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் நேரம். ஏர்பேக் விளக்கு சில நொடிகளில் அணையும். எஞ்சின், ஆயில் போன்றவை ஸ்டார்ட் ஆனதும் அணையும்.

அணையாத விளக்கு ஒரு கோளாறு. ஆனால் எரியவே எரியாத விளக்கு அதைவிட மோசம். ஏர்பேக் விளக்கு ஒரு நொடிகூட எரியவில்லை என்றால், யாரோ அதை வேண்டுமென்றே துண்டித்திருக்கலாம். விபத்தில் வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் மூடி போட்டு மறைத்த காரிலும் இப்படி நடக்கும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே ‘ஓ.பி.டி.’ என்ற சொருகுமிடம் இருக்கும். மெக்கானிக் அதில் ஸ்கேனரைப் போட்டால் காரின் கோளாறுக் குறியீடுகள் வரும். முந்தின நாளே அந்தக் குறியீடுகளை அழித்துவிட்டு வண்டியைக் காட்டுவதும் உண்டு. அழித்தால் விளக்கு அணையும், நோய் போகாது. கொஞ்ச தூரம் ஓடியதும் திரும்ப எரியும். அதனால் தெருவில் ஒரு சுற்று போதாது. தேசிய நெடுஞ்சாலை 744-இல் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்த் திரும்புங்கள். ஏ.சி.யைப் போட்டு ஓட்டுங்கள்.

விளக்கின் நிறத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள். சிவப்பு என்றால் பத்திரமான இடத்தில் உடனே நிறுத்து. ஆயில், எஞ்சின் சூடு, பிரேக் சிவப்பு விளக்கோடு “இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே” என்று ஓட்டினால் ஆயிரத்தில் முடிய வேண்டியது லட்சத்துக்குப் போகும். மஞ்சள் என்றால் ஓட்டலாம், ஆனால் சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்டு. மஞ்சள் எஞ்சின் விளக்கு நிற்காமல் மின்னினால் மட்டும் ஓட்டத்தை நிறுத்துங்கள்.

பாடம் 3: போன் நம்பர் யாருடையது?

பெயர் மாறியும் சிலருக்கு ஒரு செய்தியும் வருவதில்லை. காரணம் வாஹன் பதிவில் உள்ள போன் நம்பர். ஷோரூமில் அவசரத்துக்குக் கொடுத்த நம்பர், ஏஜெண்டின் நம்பர், பத்து வருஷத்துக்கு முன் வைத்திருந்த சிம் என்று ஏதோ ஒன்று அங்கே இருக்கும். ஓ.டி.பி. அங்கேதான் போகும். சலான் குறுஞ்செய்தியும் அங்கேதான் போகும்.

தளவாய்புரத்திலிருந்து சிவகிரி, தென்காசி, செங்கோட்டை வழியாகக் கேரளம் போவது நமக்குப் பக்கத்து ஊர் போவது மாதிரி. கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் ஏ.ஐ. கேமராக்கள் பதிவு செய்யும் விதிமீறலுக்கு அபராதம் விதிக்கிறார்கள். முன் சீட்டில் பெல்ட் போடாததையும், ஓட்டும்போது போன் பேசுவதையும் அது படமெடுக்கும். யாரும் கை காட்டி நிறுத்துவதில்லை. சபரிமலை போய்வந்த களைப்பு தீரும் முன் சலான் பதிவாகிவிடும். நம்பர் பழையதாக இருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. நிலுவை சேர்ந்து, பெயர் மாற்றவோ வேறு சேவைக்கோ போகும்போதுதான் தடையாக எழுந்து நிற்கும்.

நம்பரை மாற்ற வாஹன் தளத்தில் ‘மொபைல் எண் புதுப்பித்தல்’ என்ற சேவை உண்டு. வண்டி எண், சேசிஸ் எண், எஞ்சின் எண் கேட்கும், ஆதார் வழியாகச் சரிபார்க்கும். இங்கேதான் நம் ஊருக்கே உரிய சிக்கல் வரும்: இனிஷியல். ஆர்.சி.யில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் பின்னால் என்று இருந்தால் பொருந்தவில்லை என்று சொல்லிவிடும். அப்படியானால் ஆவணங்களோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கே போய் மனுக் கொடுங்கள். ஒருநாள் அலைச்சல்தான். அதோடு தீரும்.

முகவரியையும் அப்போதே பாருங்கள். தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28 முதல் ஆர்.சி.யும் ஓட்டுநர் உரிமமும் விரைவுத் தபாலில்தான் வீட்டுக்கு வருகின்றன. கதவு எண்ணோ பின்கோடோ தவறாக இருந்தால் தபால் திரும்பிப் போகும்.

பாடம் 4: இன்சூரன்ஸும் பெயர் கேட்கும்

ஆர்.சி.யில் பெயர் மாற்றியவர்கள்கூட இன்சூரன்ஸை மறந்துவிடுகிறார்கள். கார் வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிப் பெயர் மாற்ற வேண்டும். எதிரில் வந்தவருக்கு நேரும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீடு காரோடு சேர்ந்தே புதியவருக்கு வந்துவிடும். ஆனால் உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு தானாக வராது. பழைய பெயரில் பாலிசி இருக்கும்போது பம்பர் உடைந்தாலும் சரி, வெள்ளத்தில் எஞ்சினுக்குள் தண்ணீர் போனாலும் சரி, கம்பெனி கையை விரிக்க வாய்ப்பு உண்டு.

‘நோ கிளைம் போனஸ்’ காருக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. விற்றவர் அந்தச் சலுகையைத் தன் அடுத்த காருக்குக் கொண்டுபோகலாம். அதற்கான சான்றைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியவர் மீதிக் காலத்துக்கான வித்தியாசத் தொகையைக் கட்ட வேண்டும்.

புதுக் கார்க்காரர்களுக்கும் ஒரு குழப்பம் உண்டு. 2018 செப்டம்பர் முதல் விற்கும் புதுக் கார்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருஷத்துக்குச் சேர்த்தே எடுக்கப்படுகிறது. “நமக்குத்தான் மூணு வருஷம் இருக்கே” என்று இருந்துவிடுவார்கள். ஆனால் பெரும்பாலும் சொந்தச் சேதக் காப்பீடு ஒரு வருஷத்துக்குத்தான் எடுத்திருப்பார்கள். பாலிசித் தாளில் இரண்டு தேதிகள் இருக்கும். இரண்டையும் போனில் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள்.

பாடம் 5: ஃபாஸ்டேக்

காரை விற்ற பிறகும் டோலில் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகிறதா? கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் உங்கள் கணக்கில் இருக்கும்வரை போய்க்கொண்டேதான் இருக்கும். பணம் போவது சின்ன நஷ்டம். எந்த டோலை எந்த நேரத்தில் கடந்தது என்ற பதிவும் உங்கள் பெயரிலேயே விழும். விற்கும் அன்றே ஃபாஸ்டேக் வழங்கிய வங்கியிடம் சொல்லிக் கணக்கை மூடுங்கள், மீதியைத் திரும்பப் பெறுங்கள். வாங்கியவர் தன் ஆர்.சி.யைக் காட்டிப் புதியது வாங்கட்டும். ஒரு வண்டிக்கு ஒரு ஃபாஸ்டேக் என்பதுதான் விதி. பழையதை மூடாவிட்டால் அவருக்குப் புதியது கிடைப்பதும் சிக்கலாகும்.

பாடம் 6: போலிச் சலான்

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. ‘உங்கள் வாகனத்துக்கு அபராதம், விவரம் காண கீழே உள்ள செயலியைப் பதிவிறக்கவும்.’ உண்மையான வண்டி எண்கூட அதில் இருக்கும். பதறிப்போய் அந்த ‘ஏ.பி.கே.’ கோப்பைத் தொட்டால் உங்கள் போனின் குறுஞ்செய்திகள், வங்கி ஓ.டி.பி. எல்லாம் அடுத்தவன் கைக்குப் போய்விடும்.

போக்குவரத்துத் துறையோ காவல் துறையோ வாட்ஸ்அப்பில் செயலிக் கோப்பு அனுப்புவதில்லை. சந்தேகம் வந்தால் வந்த இணைப்பைத் தொடாமல், நீங்களே இ-சலான் பரிவாஹன் தளத்துக்குப் போய் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். அரசுத் தளத்தின் முகவரி ‘ஜி-ஓ-வி புள்ளி ஐ-என்’ என்றுதான் முடியும். உண்மையான சலானில் படம், இடம், நேரம் இருக்கும். தவறாக விழுந்திருந்தால் அதே தளத்தில் மறுப்புத் தெரிவிக்கலாம். ஏமாந்து பணம் போய்விட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

பாடம் 7: கம்பெனி உங்களைத் தேடுகிறது

தயாரிப்பிலேயே குறை இருந்தால் கார் கம்பெனி அந்தக் கார்களைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். ‘ரீகால்’ என்பது இதுதான். இதற்கான சட்டவிதி இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

உலகிலேயே பெரிய ரீகால், ஜப்பானின் தகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்குகளுக்காக நடந்தது. பல நாடுகளில் கோடிக்கணக்கான கார்கள், இந்தியாவிலும்கூட. ஏர்பேக்கை ஊதவைக்கும் ரசாயனம் பல வருஷ வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டுப்போய், விபத்தின்போது அளவுக்கு மீறி வெடித்து உலோகத் துண்டுகளை முகத்தில் வீசியது. உயிரைக் காக்க வைத்த பொருளே உயிரை எடுத்தது. வெயிலும் புழுக்கமும் உள்ள நம் ஊருக்கு இது தூரத்துக் கதை அன்று.

இந்த அழைப்பு யாருக்குப் போகும்? பதிவில் உள்ள உரிமையாளருக்கு. மூன்று கை மாறியும் பெயர் மாறாத காரில், கடிதம் முதல் உரிமையாளர் வீட்டுக்குப் போய்க் குப்பையில் விழும். குறையுள்ள ஏர்பேக்குக்கு முன்னால் உங்கள் வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்கும். பழைய கார் வாங்கியவர்கள் கம்பெனியின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டோ, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் கேட்டோ ‘நிலுவை ரீகால்’ உண்டா என்று பாருங்கள். பைசா செலவில்லை. உங்கள் காரில் தயாரிப்புக் குறை இருப்பதாகத் தோன்றினால், வாஹன் தளத்தின் ரீகால் பகுதியில் உரிமையாளரே புகார் பதியலாம். ஒரே மாடலுக்குப் புகார்கள் ஓர் அளவைத் தாண்டினால் மத்திய அரசு விசாரிக்க வேண்டும்.

அடிக்கடி வரும் கேள்விகள்

கேள்வி: கேரளப் பதிவுக் கார் விலை குறைவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் அங்குள்ள அலுவலகத்தின் தடையில்லாச் சான்று (படிவம் 28) கையில் வந்த பிறகு முழுப் பணத்தைக் கொடுங்கள். இங்கே வரி கட்டி, மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டியை மறுபதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது சட்டம். அந்த வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ‘விலை குறைவு’ பல நேரம் காணாமல் போகும்.

கேள்வி: கார் அப்பா பெயரில் இருக்கிறது. அவர் காலமாகிவிட்டார். நான் ஓட்டலாமா?

பதில்: இறந்த 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்தால், மூன்று மாதம் வரை ஓட்டலாம். அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றோடு பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள். 2021 முதல் ஆர்.சி.யிலேயே நாமினி பெயர் சேர்க்கும் வசதி வந்திருக்கிறது. இப்போதே அம்மா பெயரையோ பிள்ளை பெயரையோ சேர்த்துவிட்டால் பின்னால் வீட்டாருக்கு அலைச்சல் குறையும்.

கேள்வி: ஆர்.சி.யை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். போதாதா?

பதில்: போதாது. டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாஹன் செயலிக்குள் இருக்கும் ஆவணம் அசலுக்குச் சமம் என்று விதி சொல்கிறது. கேலரியில் உள்ள போட்டோவுக்கு அந்த மதிப்பு இல்லை. சிக்னல் இல்லாத மலைப்பாதைக்குப் போகும்போது முன்பே திறந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டீசல் கார், பி.எஸ்.6. அடிக்கடி டி.பி.எஃப். விளக்கு எரிகிறது. தளவாய்புரத்துக்கும் ராஜபாளையத்துக்கும் மட்டும்தான் ஓட்டுகிறேன்.

பதில்: காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி எரிந்து போக வேண்டுமானால் குழாய் 600 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும். நாலைந்து மைல் ஓடி நிறுத்தினால் அந்தச் சூடு வராது, கரி சேர்ந்துகொண்டே போகும். விளக்கு எரிந்ததும் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் இருபது நிமிஷம் போல ஓட்டுங்கள், பெரும்பாலும் அணைந்துவிடும். அணையாவிட்டால் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். வடிகட்டியையே கழற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது விதிமீறல், ஊர்க் காற்றுக்கும் கேடு. தினமும் குறைந்த தூரம்தான் ஓட்டம் என்றால் அடுத்த முறை பெட்ரோல் கார் பொருத்தம்.

கேள்வி: வியாபாரி உண்மையை மறைத்து விற்றுவிட்டார். எங்கே போவது?

பதில்: முதலில் எழுத்தில் கேளுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விருதுநகர் மாவட்டத்துக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல், ரசீது மூன்றும் உங்கள் சாட்சிகள்.

இன்று இரவு பத்து நிமிஷம்

இதைப் படித்து முடித்ததும் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள்.

1. எம்-பரிவாஹனில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டு, பெயரும் தேதிகளும் சரியா என்று பாருங்கள்.

2. வாஹன் பதிவில் உள்ள போன் நம்பர் இப்போது உங்கள் கையில் இருக்கும் நம்பர்தானா என்று உறுதி செய்யுங்கள்.

3. இ-சலான் தளத்தில் நிலுவை உண்டா என்று பாருங்கள்.

4. இன்சூரன்ஸ் பாலிசியில் யார் பெயர், எந்தத் தேதி என்று பாருங்கள்.

5. கடன் முடிந்திருந்தால் எச்.பி. நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

6. சேசிஸ் எண்ணைப் போட்டு ரீகால் உண்டா என்று தேடுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்களிடம் இப்போது இருக்கும் காரை மட்டும் பார்க்காதீர்கள். எப்போதோ விற்ற அந்தப் பழைய காரின் எண் நினைவிருக்கிறதா? அதையும் போட்டுப் பாருங்கள். அது இன்னும் உங்கள் பெயரில் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தால், நாளைக் காலை முதல் வேலையாக வாங்கியவருக்குப் போன் போடுங்கள். அவர் வராவிட்டாலும் விற்பனை ஒப்பந்த நகலோடு நீங்களே ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பி, விற்ற விவரத்தை எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கி வாருங்கள். அந்த ஒருநாள் பஸ் செலவு, பின்னால் வரக்கூடிய பல லட்சத்துக்கும் பல வருஷ கோர்ட் அலைச்சலுக்கும் முன்னால் ஒன்றுமே இல்லை.